துப்பாக்கிக்குச் சட்டை எதற்கு? வேலரண்ட் கடையைப் பற்றி ஒரு மதிப்பீடு

இணையத்தில் அணியாக ஆடும் வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடுவதற்கு ஒரு பைசாகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ரயட் கேம்ஸ் நிறுவனம் 2020 ஜூன் 2 அன்று வெளியிட்ட நாள் முதல் அது இலவசம்தான். மேப்புகள் எனும் புதிய ஆடுகளங்கள் இலவசமாகவே வருகின்றன, ஏஜென்டுகள் எனும் புதிய பாத்திரங்களையும் பொறுமையிருந்தால் ஆடி ஆடியே திறந்துகொள்ளலாம். காசு கேட்கும் இடம் என்று பார்த்தால், விளையாட்டின் உள்ளேயே இருக்கும் கடைதான். அங்கே விற்கப்படுபவை துப்பாக்கியின் தோற்றத்தையும் ஒலியையும் மாற்றும் ஸ்கின்கள், கத்திகள், துப்பாக்கியில் தொங்கவிடும் சிறு பொம்மைகள், பெயருக்குப் பின்னால் நிற்கும் அட்டைகள், சுவரில் தெளிக்கும் படங்கள் போன்ற அலங்காரப் பொருள்களே. இவற்றில் எதுவும் குண்டின் சேதத்தையோ துப்பாக்கியின் உதறலையோ மாற்றுவதில்லை. அப்படியானால் ஒரு பயனும் இல்லாத பொருளுக்கு எதற்காகப் பணம் தர வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. நான்காண்டுகளாக மும்பை சர்வரில் வாரத்துக்கு நான்கு ஆட்டமாவது ஆடி, இந்தக் கடையில் ஒரு துப்பாக்கி ஸ்கின்னும் ஒரு கத்தியும் இருமுறை பேட்டில் பாஸும் (குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட ஆடப் பரிசுகளைத் திறக்கும் சீட்டு) வாங்கியவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயல்கிறேன். ரூபாய் விலை அவ்வப்போது மாறுவதால் கணக்குகளை அமெரிக்க டாலர் விலையிலேயே போட்டிருக்கிறேன்.

அலங்காரத்துக்குத் தனி விலை என்பது புதிதல்ல. 2006 ஏப்ரலில் பெதெஸ்டா நிறுவனம் தன் ஆப்ளிவியன் விளையாட்டில் குதிரைக்கு ஒரு கவசத்தை எக்ஸ்பாக்ஸில் இரண்டரை டாலருக்கு விற்றபோது, விளையாடுகிறவர்கள் அதைக் கேலி செய்து தீர்த்தார்கள். குதிரைக் கவசம் என்ற சொல்லே வீண்செலவுக்கு மறுபெயரானது. இன்று இரண்டரை டாலருக்கு வேலரண்ட் கடையில் ஒரு துப்பாக்கி ஸ்கின்கூடக் கிடையாது. 2025இல் அதே ஆப்ளிவியன் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, பத்து டாலர் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் டீலக்ஸ் பதிப்பில் புதிய குதிரைக் கவசங்களும் இருந்தன. சிரித்தவர்களில் எத்தனை பேர் அதையும் வாங்கினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வேலரண்ட் கடையில் எதையும் நேரடியாகப் பணம் கொடுத்து வாங்க இயலாது. முதலில் வேலரண்ட் பாயின்ட்ஸ் எனப்படும் விபி நாணயத்தை வாங்க வேண்டும். 4.99 டாலருக்கு 475, 9.99 டாலருக்கு 1000, 19.99 டாலருக்கு 2050, 34.99 டாலருக்கு 3650, 49.99 டாலருக்கு 5350 என்று அது கட்டுக்கட்டாக விற்கப்படுகிறது. ஸ்கின்களின் விலையோ வேறு எண்களில் இருக்கிறது: செலக்ட் வகை 875, டீலக்ஸ் 1275, பிரீமியம் 1775, அல்ட்ரா 2475. இந்த இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கடைக்காரரின் கைவண்ணம் தெரியும். பலரும் விரும்பும் பிரைம், ரீவர் போன்ற பிரீமியம் ஸ்கின் 1775 விபி. ஒரு 1000 கட்டும் ஒரு 475 கட்டும் சேர்த்தால் 1475தான் வரும், போதாது. இன்னொரு 475 சேர்த்தால் 1950 வரும், செலவு 19.97 டாலர், 2050 கட்டையே வாங்கினால் 19.99 டாலர். எப்படிச் சுற்றினாலும் அது இருபது டாலர்ப் பொருள்தான், கையில் 175 அல்லது 275 விபி மிஞ்சும், மிஞ்சியதற்கு ஒரு துப்பாக்கி ஸ்கின்னும் வராது. அந்த மிச்சம் வீணாகப் போகிறதே என்ற எண்ணமே அடுத்த முறையும் நம்மைக் கடைக்குள் இழுக்கும். மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுப்பார்களே, அதையாவது வாயில் போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே இந்தக் கடையின் விலைப்பட்டியலைப் படிக்கும்போது விபி எண்ணை மறந்துவிட்டு, செலக்ட் என்றால் பத்து டாலர், டீலக்ஸ் என்றால் பதினைந்து, பிரீமியம் என்றால் இருபது என்று மனத்தில் மாற்றிக்கொள்வது நல்லது.

இருபது டாலருக்கு என்ன கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. மூன்றாம் ஆளாக நின்று நம் பாத்திரத்தின் முதுகைப் பார்த்தபடி ஆடும் பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு), ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டுகளில் உடை வாங்கினால் அதை நாம் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேலரண்டில் நம் உருவம் நமக்குத் தெரியாது. திரையின் வலது ஓரத்தில் இரண்டு கைகளும் அவற்றில் ஒரு துப்பாக்கியும் மட்டுமே தெரியும். ரயட் நிறுவனம் உடைகளை விற்காமல் ஆயுதங்களுக்கு மட்டும் ஸ்கின் விற்பதன் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஊருக்குக் காட்டுவதற்காக ஸ்கின் வாங்குகிறார்கள் என்று பொதுவாகச் சொல்வதுண்டு. இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. எதிராளி நம் துப்பாக்கியைப் பார்க்கும் நேரம் அரை விநாடி இருக்கும், அதற்குள் இருவரில் ஒருவர் விழுந்துவிடுவோம். அதை மணிக்கணக்கில் பார்ப்பதும், முக்கியமாகக் கேட்பதும் நாம்தான்.

கேட்பது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடையில் உண்மையாகவே காசு பெறும் பொருள் ஒலிதான் என்பது என் முடிவு. சாதாரண வேண்டல் துப்பாக்கி வறட்டுத்தனமாக வெடிக்கும். ரீவர் ஸ்கின்னில் அதே வெடிப்பு அடிவயிற்றில் இறங்குவதுபோல் கனத்து ஒலிக்கும். பிரைமில் கூர்மையாக, உலோகத்தனமாக இருக்கும். ஒவ்வொரு எதிராளி விழும்போதும் தனி ஓசை ஒன்று எழும், ஒன்று, இரண்டு, மூன்று என ஏறிச் செல்லும் அந்த ஓசைக்காகவே ஆடுகிறவர்களை நான் அறிவேன். இவை நன்றாகச் செய்யப்பட்ட வேலை என்பதில் ஐயமில்லை. ரீவர் வந்தால் குறி தப்பாது என்று சொல்வோரும் உண்டு. அது மனம் செய்யும் வேலையே தவிர துப்பாக்கி செய்வதன்று. ஆனால் 2020 ஜூலையில் வந்த எல்டர்ஃபிளேம் தொகுதி (ஒரே பாணியில் அமைந்த ஸ்கின்களின் கட்டு) போன்ற பெரும் ஆடம்பரங்கள் எனக்கு ஒத்துவரவில்லை. அதில் துப்பாக்கியே ஒரு டிராகனாக மாறித் தலையை ஆட்டுகிறது, தொகுதியின் விலை 9900 விபி. சுடும் நேரத்தில் கையில் ஒரு பிராணி நெளிந்துகொண்டிருப்பதை எப்படி ரசிக்கிறார்கள் என்று தெரியவில்லை, ரசனை அவரவருடையது.

இன்னொரு விஷயத்தையும் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்கின்னை வாங்கியவுடன் அதன் முதல் நிலை, அதாவது வெறும் தோற்றம் மட்டுமே கிடைக்கும். ஒலி, அசைவு, கடைசி எதிராளி விழும்போது வரும் ஃபினிஷர் எனப்படும் காட்சி ஆகியவற்றைத் திறக்க ரேடியனைட் என்ற இரண்டாவது நாணயம் தேவை. பெரும்பாலான பிரீமியம் ஸ்கின்களில் ஒரு நிலைக்கு 10 ரேடியனைட் ஆகும், மாற்று நிறம் வேண்டுமென்றால் அதற்குத் தனி. கடையில் 20 ரேடியனைட்டின் விலை 1600 விபி. ஸ்கின்னின் விலைக்குச் சற்றே குறைவு. ரேடியனைட்டை விபி கொடுத்து வாங்குவதைப் போன்ற மோசமான பேரம் இந்தக் கடையில் வேறில்லை. 1000 விபி விலையுள்ள பேட்டில் பாஸில் ஆடி முன்னேறினால் ரேடியனைட் தானாகவே சேரும், உடன் சில துப்பாக்கி ஸ்கின்களும் ஒரு கத்தியும் வரும். பேட்டில் பாஸில் வரும் ஸ்கின்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி ஒலியோ அசைவோ கிடையாது, பல சுமார்தான். நான் அதை வாங்கியது ரேடியனைட்டுக்காக. வாரம் முழுதும் ஆட நேரம் இல்லாதவர்கள் பாஸை எடுத்தால் அது பொழுதுபோக்காக இல்லாமல் வீட்டுப்பாடமாகிவிடும். முதன்முறை நான் அதை முடிப்பதற்காகக் கடைசி வாரத்தில் தூக்கத்தை விட்டு ஆடினேன்.

எந்தத் துப்பாக்கிக்கு வாங்குவது என்பதில் பலர் தவறுகிறார்கள். வேலரண்டில் ஒவ்வொரு ரவுண்டின் தொடக்கத்திலும் விளையாட்டுக்குள் கிடைக்கும் கிரெடிட்டைக் கொண்டு துப்பாக்கி வாங்க வேண்டும். வேண்டல், பேன்டம் எனும் ரைஃபிள்களுக்கு 2900, ஆப்பரேட்டர் எனும் ஸ்னைப்பருக்கு 4700, கிளாசிக் பிஸ்டல் இலவசம். ஓர் ஆட்டத்தில் சராசரியாக 20 ரவுண்டு என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு நான்கு ஆட்டம் ஆடும் ஒருவர் ஓராண்டில் 4160 ரவுண்டு ஆடுகிறார். அவற்றில் பாதியில் வேண்டல் கையில் இருந்தால் 2080 ரவுண்டு. இருபது டாலர் ஸ்கின்னுக்கு ரவுண்டுக்கு ஒரு சென்ட்டுக்கும் குறைவு. அதே இருபது டாலரை ஆட்டத்துக்கு ஒருமுறை மட்டும் வாங்கும் ஆப்பரேட்டர் மேல் போட்டால் ரவுண்டுக்குப் பத்து சென்ட்டை நெருங்கும். கத்தியின் கதை இதைவிடச் சுவையானது. பிரீமியம் தொகுதிகளின் கத்தி தனியாக வாங்கினால் 3550 விபி, கையிலிருந்து போவது 34.99 டாலர், ஒரு கத்திக்கு இவ்வளவா என்று எவரும் கேட்பார்கள். கத்தியைக் கையில் பிடித்தால் வேகமாக ஓடலாம் என்பதால் எல்லோரும் எல்லா ரவுண்டிலும் கத்தியை எடுத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள், பணம் இல்லாத ரவுண்டிலும் கத்தி இருக்கிறது. 4160 ரவுண்டால் வகுத்தால் அது வேண்டல் ஸ்கின்னைவிடச் சற்று மலிவாகவே முடிகிறது. என் கத்தியை வாங்கும்போது இந்தக் கணக்கை நான் போடவில்லை, ஆசைப்பட்டுத்தான் வாங்கினேன். கணக்கு பிறகு கைகொடுத்தது.

தொகுதியாக வாங்கலாமா என்றால், ரீவர் முதல் தொகுதியையே பார்க்கலாம். வேண்டல், ஆப்பரேட்டர், ஷெரிஃப், கார்டியன் ஆகிய நான்கு துப்பாக்கிகளின் விலை சேர்ந்து 7100 விபி, தொகுதியின் விலையும் 7100. கத்தி இலவசமாக வருகிறது என்று பொருள். கார்டியனை மாதம் ஒருமுறைகூட எடுக்காதவருக்கு அந்த இலவசம் இலவசமல்ல. வேண்டலும் கத்தியும் மட்டும் தனித்தனியாக வாங்கினால் 5325 விபி, 5350 கட்டு ஒன்றில் ஏறக்குறைய மிச்சமின்றி அடங்கிவிடும். இந்தப் பட்டியலில் எண்கள் ஒத்துவரும் அரிய இடம் அது.

ஆனால் நினைத்தபோது நினைத்ததை வாங்க முடியாது என்பதுதான் இந்தக் கடையின் பெரிய குறை. புதிய தொகுதி வரும் இரண்டொரு வாரங்களுக்கு அது முகப்பில் இருக்கும். பிறகு பெரும்பாலும் அதன் துண்டுகள் பொதுக் குவியலில் சேர்ந்துவிடும். அந்தக் குவியலிலிருந்து நாளொன்றுக்கு நான்கே நான்கு ஸ்கின்கள் ஒவ்வொருவர் கடையிலும் வைக்கப்படும், 24 மணி நேரத்தில் மாறிவிடும். நூற்றுக்கணக்கான ஸ்கின்களில் நமக்கு வேண்டியது அந்த நான்கில் வர மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பூதம் காத்த புதையல்போல் வைத்திருந்து, வந்த அன்று வாங்காவிட்டால் போய்விடுமே என்ற பதற்றத்தில் வாங்கவைப்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். நைட் மார்க்கெட் என்ற பெயரில் அவ்வப்போது திறக்கும் தள்ளுபடிக் கடையில் ஆறு அட்டைகளைத் திருப்பிப் பார்க்கலாம், பத்து சதவீதத்திலிருந்து ஏறத்தாழ பாதி விலை வரை குறையும். அதிலும் என்ன வரும் என்பது அதிர்ஷ்டமே. ஆனாலும் இந்தக் கடையில் வாங்குவதற்குமுன் பொருளும் விலையும் தெளிவாகத் தெரிகின்றன என்பதையும், போட்டியில் பயன்படுத்தாத ஸ்கின்னைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அந்தத் தெளிவின் அருமை கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற இன்னொரு துப்பாக்கி விளையாட்டின் பக்கம் போனால் விளங்கும். வால்வ் நிறுவனம் 2013 ஆகஸ்டில் அந்த விளையாட்டில் ஸ்கின்களைக் கொண்டுவந்தது. அங்கே கேஸ் எனப்படும் பெட்டியை 2.49 டாலர் சாவி கொண்டு திறக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். 2017இல் சீன அரசின் விதிப்படி அங்கு வெளியிடப்பட்ட விகிதங்களின்படி, மலிவான நீலவகை கிடைக்கும் வாய்ப்பு 79.92 சதவீதம், எல்லோரும் கனவு காணும் கத்தி அல்லது கையுறை கிடைக்கும் வாய்ப்பு 0.26 சதவீதம். சராசரியாக 385 பெட்டிக்கு ஒரு கத்தி. சாவிகளுக்கு மட்டுமே 958 டாலருக்கு மேல். 385 பெட்டிகளைத் திறந்த பின்பும் மூன்றில் ஒருவருக்கு மேல் கத்தியைக் கண்ணால் காணமாட்டார்கள் என்பதையும் அதே கணக்கு சொல்லும். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது, அந்நாட்டில் பெட்டி திறக்கும் வசதியை வால்வ் நிறுத்திவிட்டது.

கவுண்டர் ஸ்ட்ரைக் ஸ்கின்னை விற்க முடியும், அதனால் அது செலவல்ல முதலீடு என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். பெட்டியைத் திறக்காமல் வேண்டிய ஸ்கின்னை மட்டும் சந்தையில் விலைக்கு வாங்கலாம் என்பதும், சலித்த பிறகு விற்கலாம் என்பதும் உண்மையே. வேலரண்டில் வாங்கியதை விற்கவோ நண்பருக்குக் கொடுக்கவோ வழியே கிடையாது, அதிகபட்சம் ஆட்டத்தின் நடுவே அந்தத் துப்பாக்கியைக் கீழே போட்டால் தோழர் எடுத்து ஒரு ரவுண்டு ஆடிப் பார்க்கலாம். ஆனால் வால்வ் நடத்தும் ஸ்டீம் என்ற இணையச் சந்தையில் விற்கும்போது கழிவாக ஏறத்தாழ 15 சதவீதம் போகிறது, மீதி ஸ்டீம் வாலட்டில்தான் விழுகிறது, அதை வங்கிக் கணக்குக்கு மாற்ற முடியாது. விலையைத் தீர்மானிப்பதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 அக்டோபரில் சிவப்பு எனப்படும் அரிய வகை ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்து ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று வால்வ் ஒரு விதியை மாற்றியது. அடுத்த ஓரிரு நாட்களில் கத்திகளின் விலை மளமளவென்று சரிந்தது, சிவப்புகள் ஏறின. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாத நிலத்தை வாங்குவதைப் போன்றது இந்த முதலீடு.

அலங்காரம் ஆட்டத்தைப் பாதிக்காது என்ற உறுதியும் எல்லா விளையாட்டிலும் காப்பாற்றப்படுவதில்லை. கால் ஆஃப் டியூட்டி வார்ஸோனில் ரோஸ் என்ற பாத்திரத்தின் முழுக்கறுப்பு உடை இருட்டு மூலையில் நின்றால் கண்ணுக்கே தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் தொடர்ந்து முறையிட்டதால் 2021இல் அதை வெளிர்நிறமாக்க வேண்டியிருந்தது. காசு கொடுத்தவர் ஒளிந்துகொள்ள முடிகிறது என்றால் அது அலங்காரமன்று. வேலரண்டில் பாத்திரங்களுக்கு உடைகள் விற்கப்படுவதில்லை என்பதால் இந்தச் சிக்கல் எழ இடமே இல்லை. இந்த விஷயத்தில் நான் அந்தக் கடைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

வாங்கிய பொருள் எவ்வளவு காலம் இருக்கும் என்பதில் எவருக்கும் முழு மதிப்பெண் தர முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சிறு விளையாட்டில், பெயர் இங்கே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஓர் அலமாரி நிறைய உடைகள் வாங்கி வைத்திருந்தேன். ஒருநாள் சர்வரை மூடுவதாக இரண்டு வரி அறிவிப்பு வந்தது, அத்துடன் எல்லாம் முடிந்தது. பெரிய பெயர்களுக்கும் இதே கதிதான்: எபெக்ஸ் லெஜன்ட்ஸ் மொபைல் வெளிவந்து ஓராண்டு நிறைவதற்குள் 2023 மே 1 அன்று மூடப்பட்டது. மூடுவது நிறுவனமாக இல்லாமல் அரசாகவும் இருக்கலாம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலும், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டன. பப்ஜியில் உடை வாங்கியவர்களுக்கு 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அதுவும் 2022 ஜூலையில் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில்தான் திரும்பியது. நாம் வாங்குவது பொருளை அல்ல, பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் டிஜிட்டல் பொருள் விற்பவர்கள் இதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது.

வீட்டில் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால், எந்தக் கடையாக இருந்தாலும் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க வேண்டாம். ஃபோர்ட்நைட்டில் ஒரே பொத்தான் அழுத்தத்தில் எதிர்பாராமல் பொருள்கள் வாங்கப்பட்டுவிடுகின்றன என்ற புகாரின்பேரில் அதை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 245 மில்லியன் டாலரைத் திருப்பித் தர 2022 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் ஒப்புக்கொண்டது.

ஓராண்டாவது ஆடுவோம் என்ற உறுதி உள்ளவர்கள் தாங்கள் அதிகம் எடுக்கும் ஒரு ரைஃபிளுக்கு, தனி ஒலி உள்ள பிரீமியம் ஸ்கின் ஒன்றை வாங்கலாம். அது இருபது டாலருக்கு உரிய இன்பத்தைத் தரும். அடுத்ததாக ஒரு கத்தி. தொகுதிகளையும் ரேடியனைட்டையும் தவிர்க்க வேண்டும். விளையாட்டைத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகாதவர்கள் எதையும் வாங்க வேண்டாம், எந்தத் துப்பாக்கி தங்களுக்குப் படியும் என்பதே அப்போது தெரிந்திருக்காது. நான் தொடங்கியபோது பேன்டத்தைத்தான் விரும்பினேன், ஆறு மாதத்தில் வேண்டலுக்கு மாறிவிட்டேன். என் ஆப்பரேட்டர் இன்றுவரை வெறும் பச்சைத் துப்பாக்கியாகவே இருக்கிறது. ஆட்டத்துக்கு ஒருமுறை அதை 4700 கிரெடிட் கொடுத்து வாங்குகிறேன், முதல் குண்டு தவறுகிறது, இரண்டாவதற்குள் விழுந்துவிடுகிறேன், எதிரணிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.